கயிறு தொங்கினால் இழுக்கத்தானே?

கயிறு என் கையில் இருந்தது. பிடிக்கிற இடத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகக் கம்பளி சுற்றியிருந்தார்கள். தொட்டால் பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்றிருந்தது. இழுத்துவிட்டு, வழக்கம்போல அண்ணாந்து பார்த்தேன். மேலே ஒரு ஜன்னல் திறக்கும், ஒரு தலை எட்டிப் பார்க்கும், யாரென்று கேட்கும் என்று நினைத்தேன்.

தலை எதுவும் வரவில்லை. ‘டாங்’ என்று ஒரு சத்தம்தான் வந்தது. காலுக்கடியில் கல் தரை அதிர்ந்தது.

காலில் ரப்பர் செருப்பு. இடுப்பில் பூப்போட்ட தமெய்ன், அதாவது எங்கள் ஊர்ப் பெண்கள் கட்டுகிற லுங்கி. கன்னத்தில் தனக்காக் கட்டையை உரைத்துப் பூசிய மஞ்சள் பூச்சு. இந்தக் கோலத்தில், இங்கிலாந்தில் பெயர் வாயில் நுழையாத ஒரு கிராமத்தின் மாதா கோயிலுக்குள், பர்மாவிலிருந்து வந்த, அறுபதை நெருங்கும் யாங்கோன்காரி ஒருத்தி மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெளியே பொடி மழை.

போன வாரக் கட்டுரையை, விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என் தோளையே தலையணையாக்கித் தூங்கிய கதையோடு நிறுத்தியிருந்தேன். கிராமத்துக்கு எப்போதுதான் போய்ச் சேருவீர்கள் என்று பொறுமையிழந்தவர்களுக்குச் சொல்கிறேன், சேர்ந்துவிட்டேன். ஆனால் நான் ஏன் அந்தக் கயிற்றை இழுத்தேன் என்பது தெரிய வேண்டுமானால், நீங்கள் ஒரு நடை எங்கள் தெருவுக்கு வர வேண்டும்.

நான்காவது மாடி

யாங்கோனின் லான்மடாப் பேட்டையில் எங்கள் தெரு முழுக்க ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் மாடி வீடுகள். லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். மேல் நுனியில், வீட்டுக்குள், ஒரு சின்ன மணி. கீழ் நுனியில் ஒரு கிளிப்போ பையோ இருக்கும்.

பேப்பர்காரன் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிவிட்டு ஒரு இழுப்பு இழுப்பான். அவித்த பட்டாணி விற்கிற பெண் கூவிக்கொண்டு வந்தால் கூடை இறங்கும், பட்டாணி ஏறும். விருந்தாளி வந்து இழுத்தால், கீழ்க்கேட்டின் சாவியைப் பையில் போட்டு இறக்குவோம். அவர் திறந்துகொண்டு, மூச்சு வாங்க ஏறிவந்து, சாவியைத் திருப்பிக் கொடுப்பார். நடுவில் காலிங் பெல் வைத்துப் பெருமையடித்தவர்கள் உண்டு. கரண்ட் வருவதே விசேஷம் என்றாகிவிட்ட இந்த நாட்களில் அவர்களும் கயிற்றுக்கே திரும்பிவிட்டார்கள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் பெயர் சோலையப்பன். தெருவுக்கு உ சோலை, அதாவது பர்மியத்தில் ‘சோலை ஐயா’. பக்கத்துப் பேட்டையான லத்தாவில் கயிறும் பூட்டும் கொக்கியும் விற்கும் மொத்தக் கடையில் ஆயுசு பூராவும் வேலை பார்த்தவர். எங்கள் பால்கனிக்குக் கயிறு தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில், என் அப்பா எனக்கு நாலு மாப்பிள்ளை பார்த்திருப்பார். மழைக்கு ஊறாதது, வெயிலுக்கு இற்றுப்போகாதது, கைக்கு அறுக்காதது என்று கடையையே புரட்டிப் போட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அதே கயிறுதான்.

அந்தக் கயிற்றுக்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வெளியாள் ஒரு தடவை இழுப்பார். வீட்டு ஆள் என்றால் மூன்று. எங்கள் ஒரே மகள் கோமதி பள்ளிக்கூடம் விட்டு வந்து மூன்று இழுப்பு இழுத்தால், இவர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். ஆணியில் தொங்கும் சாவிப்பையை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடுவார். பையை இறக்கிவிட்டு, தெருவே கேட்கிற மாதிரி, “மெதுவா ஏறி வா!” என்பார். அவள் தடதடவென்றுதான் ஏறிவருவாள். ஒருநாளும் மெதுவாக ஏறியதில்லை.

இப்போது அவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. தெருவில் கால் வைத்து வருஷமாகிறது. சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, எந்த வீட்டு மணி அடித்தாலும் இன்னார் வீடு என்று சொல்லிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சுமந்துகொண்டு போன சொல்

கோமதிக்கு இங்கிலாந்தில் வேலை. வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது. பள்ளிக்கூடத்தில் வைத்த பர்மியப் பெயர் துசா. அங்கேயும் அவள் துசாதான். தமிழ் நன்றாகப் புரியும், பேச்சு மட்டும் பர்மியத்துக்கு ஓடிவிடும். அவள் பேச்சைத் தமிழில்தான் எழுதுகிறேன். என்னை ‘அமே’ என்று பர்மிய முறையில் கூப்பிடுவாள். பயந்துபோனாலோ ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றாலோ மட்டும் ‘அம்மா’ வரும்.

இரண்டு குளிர்காலம் தாங்கினாள். அதற்கப்புறம் போனில் ஒருநாள் ‘அம்மா’ வந்தது.

“அம்மா, என் வேலை ஒப்பந்தம் முடியப்போகுது. மறுபடி கையெழுத்துப் போடச் சொல்றாங்க. நான் போடல. வீட்டுக்கு வந்துடறேன்.”

எனக்கு அந்த நிமிஷம் ஜிலேபி வாங்கித் தெருவுக்கே கொடுக்கலாம்போல இருந்தது. மறுநிமிஷம் தெருவை எட்டிப் பார்த்தேன். ராணுவ ஆட்சி வந்த பிறகு எங்கள் தெருவில் அவள் வயசுப் பிள்ளைகள் யாரும் மிச்சமில்லை. பாங்காக்கோ சிங்கப்பூரோ, எங்கே வழி கிடைத்ததோ அங்கே போய்விட்டார்கள். லைங் தாயாவில் தையல் பாக்டரிக்குப் போய்க்கொண்டிருந்த என் தங்கை மகளும் கிளம்பிவிட்டாள். பிள்ளை எல்லை தாண்டிவிட்டது என்று சேதி வந்த அன்றைக்குத்தான் பெற்றவர்கள் படுத்துத் தூங்கினார்கள். இந்த நேரத்தில் இவள் உள்ளே வருகிறேன் என்கிறாள். வந்தால் திரும்பிப் போக வழி கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

“நீ நேர்ல போயி, வரவேணாம்னு சொல்லிட்டு வா செல்லம்” என்றார் இவர். “போன்ல சொன்னா, அப்பா அம்மாவுக்கு நாம வேணாம்போலனு நெனச்சிக்கும் புள்ள.”

“அதை நீங்களே சொல்லுங்களேன்.”

“நான் சொன்னா அழுதுருவேன்.”

அப்படித்தான் கிளம்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் ஊர் சுற்றிப்பார்க்கப் போவதாகச் சொன்னேன். உண்மை என்னவென்றால், பெற்ற மகளைப் பார்த்து ‘வீட்டுக்கு வராதே’ என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன். கீழ்வீட்டு டோ மியாதான் என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டாள். அவளுக்கு நான் பட்ட நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

சத்தமே இல்லாத ஊர்

சும்மா சொல்லக்கூடாது, அழகான ஊர். தேன் நிறத்தில் கல் வீடுகள். கூரையில் பாசி, கதவுக்கு மேலே ரோஜாக் கொடி. குழந்தைகூடத் தாண்டிவிடக்கூடிய ஓடை, அதற்கு ஒரு பாலம். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் குனிந்த தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருக்கும். ரொட்டி, தபால்தலை, நாய்ச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஒரே கடை. பஸ் வந்தால் உண்டு.

ஊர் நடுவில் மாதா கோயில். அதைச் சுற்றிச் சமாதிகள். கோமதியின் சமையலறை ஜன்னலுக்கும் முதல் சமாதிக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர்தான். நான் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டியே சமைத்தேன்.

“அமே, அவங்க எல்லாம் ரொம்ப நல்லவங்க. சத்தமே போடமாட்டாங்க” என்று கிண்டல் பண்ணினாள்.

எனக்கு அதுதான் பிரச்சினை. உயிரோடு இருப்பவர்களும் சத்தம் போடவில்லை. முதல் நாள் காலையில் கண் விழித்து, காது அடைத்துவிட்டதோ என்று பயந்து கையைத் தட்டிப் பார்த்தேன். பட்டாணிக்காரி இல்லை, ஜெனரேட்டர் இல்லை, மாடிப்படியில் யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியே இருந்தது. நாயோடு நடந்து போகிறவர்கள் புன்சிரிப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு நடந்துகொண்டே இருப்பார்கள்.

இந்த ஊரில் இழுக்க ஒரு கயிறு இல்லையே என்று எனக்குப் பகீரென்றது. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், வழுக்கி விழுந்தால், யாரைக் கூப்பிடுவாள்? கூப்பிட்டால் எந்தக் கதவு திறக்கும்? இங்கேயா நான் இவளை இரு என்று சொல்லிவிட்டுப் போவேன்? பெட்டியைக் கட்டு, இன்றைக்கே கிளம்பலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் வாய்வரை வந்தது.

இரண்டையும் சொல்லாமல் நாட்களை ஓட்டினேன். ஓடைக்கரையில் ஒரு சாயங்காலம் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, “கோமதி...” என்று ஆரம்பித்தேன். வேலிக்குப் பின்னாலிருந்து ஓர் ஆடு தலையைத் தூக்கி என்னையே பார்த்தது. வந்த பேச்சு போய்விட்டது.

“நீ ஏதோ சொல்லத்தான் வந்திருக்கே அமே” என்றாள்.

“ஒண்ணுமில்ல. மத்தியானக் குழம்புல உப்பு கம்மி.”

கதவு சாத்திக்கொண்டது

எங்கள் ஊரில் கதவை நாம் பூட்டினால்தான் பூட்டும். அந்த ஊர்க் கதவுக்கு அந்த மரியாதை கிடையாது.

காலையில் வடிக்கிற சோற்றில் முதல் பிடியைப் பறவைக்கு வைப்பது என் பழக்கம். கோமதி வேலைக்குப் போயிருந்தாள். கையில் சோற்றோடு வாசலுக்கு வந்தேன். பின்னால் ‘க்ளிக்’ என்றது. தள்ளினேன், நகரவில்லை. போன் உள்ளே, ஸ்வெட்டர் உள்ளே, சாவி உள்ளே. பறவைகள் மட்டும் வெளியே.

பக்கத்து வீட்டைத் தட்டினேன். ஆளில்லை. அதற்கடுத்த வீட்டில் நாய் மட்டும் பதில் சொன்னது. விடுதி ஊரின் மறுகோடியில் இருக்கிறது என்று தெரியும். பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும் என்பதும் தெரியும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான் தெரியாது. மழை வேறு தூற ஆரம்பித்தது. பல் கிடுகிடுவென்று ஆட, சமாதிகளைப் பார்க்காமல் வேகவேகமாக நடந்து மாதா கோயில் கதவைத் தள்ளினேன். அது மட்டும் திறந்தது.

உள்ளே மெழுகும் பழைய மரமும் கலந்த வாசனை. யாருமில்லை. வாசல் பக்கத்து மூலையில், மேல் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கயிறு இறங்கி என் தோளுயரத்தில் தொங்கியது.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மேலே தளம் இருக்கிறது, கயிறு தொங்குகிறது என்றால், பாதிரியார் மாடியில் குடியிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? நீங்கள் சிரிக்கலாம். எங்கள் தெருவில் கீழே கடை, மேலே வீடு. எங்கள் அம்மன் கோயில் பூசாரிகூட அதே கட்டடத்தின் மாடியில்தான் இருக்கிறார். நாங்களும் அவரைக் கயிற்றை இழுத்துத்தான் கூப்பிடுவோம்.

இழுத்தேன். முதல் சத்தத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது. கை நிற்கவில்லை. எத்தனை வருஷத்துப் பழக்கம்! மூன்றை முடித்துவிட்டுத்தான் கயிற்றை விட்டது.

ஓடி வந்தவர்கள்

முதலில் வந்தது நனைந்த நாய். அதன் பின்னால், ஒரு கன்னம் வழித்து மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஒரு கிழவர். கோயிலைப் பார்த்துக்கொள்பவர், ஜெஃப் என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது. அடுத்து கடைக்காரப் பெண், கடையை அப்படியே போட்டுவிட்டு ஏப்ரனோடு ஓடி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர். இத்தனை பேரும் இவ்வளவு நாளாய் எங்கே இருந்தார்கள் என்று தோன்றியது. நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் தீயோ விபத்தோ என்று பயந்து வந்திருக்கிறார்கள்.

திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் எல்லாம் மழையில் கரைந்துபோயிருந்தது. “சாரி. டோர். கீ. அப்ஸ்டேர்ஸ் நோ மேன்” என்றேன், மேலே கையைக் காட்டி.

கடைக்காரப் பெண் என் கன்னத்து தனக்காவைப் பார்த்தாள். “துசாவோட அம்மா!” என்று கத்தினாள். வாசலில் யாரோ மாட்டியிருந்த கோட்டை எடுத்து என்னைச் சுற்றிப் போர்த்தி, என் கைகளைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தாள். ஜெஃப் மட்டும் முகம் வெளுத்து என் முன்னால் வந்து நின்றார்.

“துசாவுக்கு என்ன? துசா நல்லா இருக்காளா?”

அவர்கள் பேசியதை என் பாஷையில் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்துக்குப் பாஷை தேவைப்படவில்லை. மணியை அடித்து ஊரைக் கூட்டியவள் நான். மணியை ஏன் அடித்தாய் என்று அவர் கேட்கவில்லை. என் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

“நல்லா இருக்கா. வேலைக்குப் போயிருக்கா” என்றேன். அவருக்கு மூச்சு வந்தது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, நாயின் ஈரத் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“என் மனைவி அந்த விடுதியிலதான் இருக்கா. என் பேரு அவளுக்கு மறந்துபோச்சு. உங்க மகள் பேரு மட்டும் மறக்கல. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாதி நுரை முகத்தோடு அவர் சிரித்ததைப் பார்த்து என் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. நான்காவது மாடிக்கு ஏறிவருகிற அதே காலடி.

“அம்மா!”

நீல யூனிபார்மோடு, தலை கலைந்து, மழையில் நனைந்து கோமதி நின்றாள். நான் முழுசாக இருப்பதை மேலும் கீழும் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாள். அவள் வலது கையில் வீட்டுச் சாவி இருந்தது.

“சாவிய எதுக்குடி எடுத்துட்டு வந்தே? கதவு சாத்திக்கிட்டது ஒனக்கு எப்படித் தெரியும்?”

அவள் கையை விரித்துச் சாவியைப் பார்த்தாள். அது அங்கே இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“தெரியாதும்மா. மூணு கேட்டுச்சு. ஓடி வந்துட்டேன்.”

நாங்கள் இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, அழுகையில் போய் முடித்தோம். கடைக்காரப் பெண்ணும் என்ன ஏதென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து அழுதாள்.

சொன்னேன்

அன்று சாயங்காலம் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

“கோமதி, அந்தக் கையெழுத்தப் போட்டுரு.”

அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் வீட்டுக்கு வரவேணாமா?”

“இப்ப வேணாம்.”

“அப்பா சொன்னாரா?”

“ரெண்டு பேருந்தான்.”

“எனக்கு அங்க படுத்தாத்தான் தூக்கம் வரும்.”

“எங்களுக்கு நீ இங்க இருந்தாத்தான் தூக்கம் வரும்.”

கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். தலைமுடியில் இன்னும் மழை வாசனை இருந்தது.

“வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அம்மா.”

“அன்னிக்கு முடியல. இங்க நீ கூப்பிட்டா யாரும் வருவாங்களானு தெரியல. இன்னிக்குப் பாத்துட்டேன்.”

எவ்வளவு கனமான சொல் அது. சொல்லி முடித்த பிறகும் இறங்கவில்லை, இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். சமாதிகளுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிய ஆரம்பித்தது.

திரும்பி வந்து, பெட்டியைக் கீழே வைப்பதற்குள், “சொன்னியா?” என்று கேட்டார் இவர். “சொல்லிட்டேன்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு முகத்தைப் பால்கனி பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க எந்த வீட்டு மணி அடித்தாலும் யார் வீடு என்று சொல்லவில்லை.

சில வாரம் கழித்து, கோமதி சிரித்துக்கொண்டே ஒரு சேதி சொன்னாள். மாதா கோயிலில் மணி அடிக்க ஆள் பற்றவில்லையாம். ஜெஃபுக்குத் தோள்வலி. “அம்மாவுக்குக் கை நல்லாப் பேசுது, மகளுக்கும் வரும்” என்று இவளை இழுத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அங்கே காலையாக இருக்கும்போது எங்களுக்கு வெயில் சாய்கிற நேரம். “போனைப் பக்கத்துல வெச்சிக்கங்க” என்றாள்.

அந்த ஞாயிறு நல்லவேளையாக லைன் கிடைத்தது. போனை இவர் காதுப் பக்கம் பிடித்துக்கொண்டேன். முதலில் அந்த ஊர் முறைப்படி மணி அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் இடைவெளி. பிறகு மூன்று.

இவர் நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய், ஆணியிலிருந்து சாவிப்பையை எடுத்தார். நான் தடுக்கவில்லை. பால்கனிக்குப் போய், பையைக் கயிற்றில் மாட்டி, நாலு மாடி கீழே இறக்கினார். தெருவில் யாருமில்லை. பை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

போனிலிருந்து மூச்சு வாங்கக் குரல் வந்தது.

“அப்பா, கேட்டுச்சா?”

“கேட்டுச்சு” என்றார். “மெதுவா ஏறி வா.”